பாட்டு முடிந்த பிறகு

வாசகர்களே, நீங்கள்தான் சாட்சி. என் மேசைமேல் ஒரு கேசட் இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கத்தில் எண்பதுகளின் இறுதியில் வந்த ஓர் ஆங்கிலப் பாட்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய இசைச் சாயலில் புதிதாகச் செய்தது. டிரம்பெட்டுகள் முழங்க, கைத்தட்டல் தொடர, ஓர் ஆண்குரல் கேட்கும். பெண்குரல்கள் சேர்ந்து பதில் சொல்லும். கடைசிக் கைத்தட்டல் ஓய்ந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுவேன். இதுவரை தவறியதில்லை.

சித்தப்பா ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓட்டியவர். பிறகு குவைத்துக்கு வண்டியோட்டப் போனார். கடிதம் எழுதமாட்டார், கேசட்டில் பேசி அனுப்புவார். வீடே கூடி உட்கார்ந்து அதைக் கேட்பது வழக்கம். ஆகவே, சின்னம்மாவுக்கென்று தனியாக ஒரு சொல்லும் வந்ததில்லை. ஒருமுறை, நலம் விசாரிப்பும் அக்ரிமெண்ட் முடியப்போகும் செய்தியும் முதல் பக்கத்தோடு முடிந்து, மறுபக்கத்தில் இந்தப் பாட்டு ஒலித்தது. "இன்னாடா இது, தறி சத்தமே தேவலாம்" என்று நைனா, என் அப்பா, எழுந்து போனார், மற்றவர்களும் கலைந்தார்கள். டேப்ரிக்கார்டரை இயக்கிய நானும் சின்னம்மாவும் மட்டும் இருந்தோம். பாட்டு முடிந்ததும் சித்தப்பாவின் குரல் தணிந்து வந்தது: "எல்லாம் எழுந்து பூட்டிருப்பாங்க. நீ குந்திக்கினு இருப்பன்னு தெரியும். அக்ரிமெண்ட் முடியுது, இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. அண்ணனும் அதான் சொல்வாரு. நீ இன்னா சொல்ற?"

நைனா இன்னொரு தறி போடும் நினைப்பில் இருந்தார். வீட்டின் பதிலைப் பேசும் பொறுப்பு என்னுடையது. திருப்பதிக் கல்லூரிப் பேச்சுப்போட்டி எதிலும் நான் தோற்றதில்லை. நைனாவின் விருப்பப்படி, அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று காரணங்களை அடுக்கி முழங்கினேன். பிறகு, "உன் பேச்சையும் நானே பேசிடட்டா சின்னம்மா?" என்றேன்.

"உன் மேடையெல்லாம் திருப்பதியில வெச்சிக்கோ சாமி" என்று சிரித்தார். "அந்தப் பாட்ட மட்டும் மறுபக்கத்துல ஏத்திக்கினு வா. அங்கயும் ரூம்ல எல்லாரும் குந்திக்கினுதான் கேப்பாங்க. பாட்டு வந்தா அவரு புரிஞ்சிக்குவாரு."

திருப்பதியில் பதிவுக்கடை ஒன்றில் ஏற்றி வந்து கொடுத்தேன். சின்னம்மா டேப்ரிக்கார்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்ரிமெண்ட் முடிந்த கையோடு சித்தப்பா வந்து இறங்கினார். பெட்டியில் நாங்கள் அனுப்பிய அந்தக் கேசட்டும் இருந்தது. "இருன்னு சொல்லுடான்னா, வான்னு சொல்லி அனுப்பிக்கிறியா? கப்பு கப்பா வாங்கினு வர்றியே, உன் பேச்சு லட்சணம் இதானா?" என்றார் நைனா. கூடமே சிரித்தது. சின்னம்மா சமையலறை வாசலில் முகம் வெளுத்து நின்றார். ஒரே வாக்கியத்தில் நான் அந்த வழக்கை வென்றிருக்கலாம். "ஆமா நைனா, நான் சரியா பேசல" என்றேன். என் பேச்சு வாழ்வில் முதல் தோல்வி அது.

நைனாவும் சித்தப்பாவும் இன்று இல்லை. தறிக்கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை நடக்கிறது. மகளோடு குடிபோகப் புறப்பட்ட நாளில் சின்னம்மா இந்தக் கேசட்டை என் கையில் வைத்தார். கூடம் நிறைய உறவினர்கள். சின்னம்மாவைத் தவிர யாருக்கும் விளங்காது என்று தெரிந்தே, மேடையில் பேசும் குரலிலேயே சொன்னேன்:

"பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுவேன், சின்னம்மா."