கைவிடப்பட்டது என்று எழுதியவர்களுக்கு

அத்தானின் கழுத்தில் எப்போதும் ஒரு நீலப் பென் டிரைவ் தொங்கும். அதைத் தங்கூசியில் கோத்திருந்தார். தங்கூசி என்றால் வலை பின்னுகிற நைலோன் நூல். சல்லிக் கடற்கரையில் பிறந்தவர், வேறு நூலில் அவருக்கு முடிச்சுப் போட வராது. அக்காவுக்கு ஒரு தாலிக்கொடி, அத்தானுக்கு ஒரு தங்கூசிக்கொடி என்று நான் பகிடி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே அதைச் சட்டைக்குள் தள்ளிவிடுவார். சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். திருகோணமலையில் அப்படியொரு சாமானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறவன் வழிநெடுகிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் இருந்தது ஒரு மென்பொருள். அதைப் பற்றி இணையத்தில் இன்றைக்கும் ஒரு வரி கிடக்கிறது: "பராமரிப்பாளர் பதில் தரவில்லை. கைவிடப்பட்டது." அந்தப் பராமரிப்பாளர் என் அத்தான். அவர் எதையும் கைவிடவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் லிங்கநகரில் ஒரு சின்னக் கணினி வகுப்பு நடத்தினார். நான் அங்கே தமிழ்த் தட்டச்சுப் படிப்பித்தேன். எங்களிடம் இருந்தவை கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள். விண்டோஸ் போட்டால் அவை கிழவர்கள் மலை ஏறுவதுபோல மூச்சு வாங்கும். அதனால் லினக்ஸ் போட்டிருந்தோம். இலவசம், உலகத்தில் யார் யாரோ சேர்ந்து செய்தது. அதில் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் பொறுப்பாக ஒருவர் இருப்பார். பிழை வந்தால் அவர் திருத்த வேண்டும். தட்டச்சு யந்திரத்தில் அடிப்பதுபோலவே தமிழ் அடிக்க உதவிய மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் இருந்தார், ஐரோப்பாவில் எங்கோ ஒரு தமிழர். அவரிடமிருந்து நெடுநாளாகப் பேச்சு மூச்சில்லை. புதிய லினக்ஸ் வந்தபோது அந்த மென்பொருள் பழுதாகிவிட்டது. கொம்பை அடித்துவிட்டு எழுத்தை அடித்தால், கொம்பு போய் முந்திய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். திருத்த ஆளில்லாவிட்டால் அடுத்த வெளியீட்டிலிருந்து நீக்கிவிடுவோம் என்று லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிறவர்கள் அறிவித்துவிட்டார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகள் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான சோதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்கள். நாளைக்கு ஒரு கந்தோரில் கதிரை கிடைக்குமா என்பது அவர்களுக்கு அந்த விசைகளில்தான் இருந்தது.

அதை நாங்களே எடுத்துத் திருத்துவது என்று அத்தான் முடிவு செய்தார். எடுப்பதற்கு விதி சுலபம். ஆள் பேசாமல் இருக்கிறார், நான் எடுக்கிறேன் என்று ஓர் அறிவித்தல் போட்டால் போதும். அத்தான் போடவில்லை. முதலில் அந்த மனிதருக்கு மின்னஞ்சல் எழுதினார். பதில் வரவில்லை. வேறொரு முகவரி தேடிப் பிடித்து மறுபடி எழுதினார். கடைசித் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"விட்டிட்டுப் போனவனிட்ட என்னத்துக்கு அத்தான் கேக்கிறியள்?" என்று கத்தினேன்.

"மச்சாள், சல்லியில ஒருத்தற்ற தோணி கன நாளாக் கரையில கிடந்தாலும் வீட்டில ஒரு சொல்லுக் கேளாமல் ஆரும் தண்ணியில இறக்க மாட்டினம். கடலுக்குப் போக நேவி பாஸ் குடுக்காமலும் இருக்கும், ஆளுக்கு வருத்தமாயும் இருக்கும். விட்டிட்டுப் போட்டார் எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது?"

பதில் கடைசியில் வந்தது. வேலை, பிள்ளைகள், நேரமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று நான் கொதித்தேன். அத்தானுக்கோ ஏதோ பெரிய ஆசீர்வாதம் கிடைத்த சந்தோசம். "கேட்டிட்டம்தானே" என்றார்.

வகுப்பில் இணையம் இல்லை. திருத்தியதைப் பென் டிரைவில் ஏற்றி, சைக்கிளில் நகரத்துக்குப் போய், ஒரு கொமினிகேசன் கடையில் இருந்துதான் அனுப்ப வேண்டும். வழியில் சோதனைச்சாவடிகள். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஆமிக்காரன் தங்கூசியைப் பிடித்து இழுத்து, இது என்ன என்று கேட்டான். தமிழ் அடிக்கிற சாமான் என்று அத்தான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். தமிழில் அடிக்க என்ன இருக்கிறது, யாருக்கு அடிக்கிறாய் என்று அவன் கேட்டான். தன் சொந்த மொழியில் ஒரு விண்ணப்பம் அடிப்பதற்கு ஒரு மனிதன் நடுத்தெருவில் வெயிலில் நின்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தப் பொறுமையின் மேல் எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

கடைசித் திகதிக்குள் மென்பொருள் ஏறிவிட்டது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெயர் வந்தது. அக்காவைக் கொமினிகேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரையில் காட்டினார். அக்காவுக்குக் கணினி தெரியாது. "உங்கட பேர் வடிவாத்தான் கிடக்கு" என்றாள். அன்று ஆளுக்கொரு ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்தோம்.

சில மாதங்களில் இன்னொரு பிழை வந்தது. இரட்டைக்கொம்பு மட்டும் இடம் மாறுவதாக யாரோ மலேசியாவில் இருந்து முறையிட்டிருந்தார்கள். அத்தான் அதைத் திருத்தி, மாற்றக் குறிப்பில் தன் பெயரையும் திகதியையும் எழுதி, பென் டிரைவில் ஏற்றி வைத்தார். விடிந்ததும் நகரத்துக்குப் போய் அனுப்புவதாக இருந்தார். விடியும்போது நாங்கள் இருந்த அன்புவழிபுரத்தை ஆமிக்காரர்கள் சுற்றிவளைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அக்கா பாய்ந்து வந்து அவர் கழுத்தில் இருந்த தங்கூசியைத் தலைக்கு மேலால் கழற்றி, குசினியில் அரிசி வாளிக்குள் புதைத்தாள். அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

மைதானத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டி இருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்தினார்கள். அவன் தலையை ஆட்டினால் வாகனத்தில் ஏற்றினார்கள். அத்தானுக்கு ஆட்டினான். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அக்கா முகாம் வாசலுக்கு நடந்த நடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்பதுதான் கடைசியாக அங்கே கிடைத்த பதில்.

அதற்குப் பிறகு, காணாமல்போனவர்களுக்கான ஒரு விசாரணை மேசையில், மின்விசிறிக்குக் கீழே இருந்த ஒரு கனவான் அக்காவிடம் கேட்டார்: "அவர் வெளிநாட்டுக்குப் போய்ச் சந்தோசமாக இருக்கலாம் அல்லவா? குடும்பத்தில் ஏதும் பிரச்சினையா?" ஆளையும் கொண்டுபோய்விட்டு, பெண்சாதியை விட்டுவிட்டு ஓடினவன் என்ற பெயரையும் அத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

இணையத்திலும் அதே கதைதான், கொஞ்சம் மரியாதையான மொழியில். மலேசிய முறைப்பாட்டுக்குப் பதில் இல்லை என்று நினைவூட்டல் போட்டிருந்தார்கள். பிறகு இன்னொன்று. பிறகு அந்த வரி. எனக்கு விசயம் தெரிந்ததும், பராமரிப்பாளரைப் படையினர் கொண்டுபோய்விட்டார்கள், பொறுப்பை நான் எடுக்கிறேன், 'கைவிடப்பட்டது' என்பதை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். கேள்விப்பட்டு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. கூடவே, அவர் விலகுவதாக அவரே கையொப்பமிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் நடைமுறைக்கு நல்லது என்றும் இருந்தது. கையொப்பம் போட ஆள் இருந்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்? நல்லவர்கள்தான். சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள்தான். இருந்தாலும் பதில் சொல்லாதவன் விட்டுவிட்டுப் போனவன் என்று எழுதுகிறவர்கள், பதில் சொல்ல விடாமல் செய்கிற நாடுகளும் உண்டு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அவர் கைவிடவில்லை என்பதற்கு அந்தக் கடைசித் திருத்தம் போதும். அது பென் டிரைவோடு அக்காவின் அலுமாரியில் இருந்தது. கேட்டால் தரமாட்டாள். "அவர் வந்து அனுப்பட்டும்" என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. கொடுத்தால் அவர் வரமாட்டார் என்று ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று அவள் பயந்தாள். சண்டை முடிந்து, வகுப்பையும் மூடி, நான் வேறு வேலைக்குப் போனபிறகும் அது அலுமாரியில்தான் இருந்தது.

போன வருசம் ஒரு பின்னேரம் அவள் முன்னால் போய் இருந்தேன். அத்தான் அந்த ஐரோப்பாக்காரரிடம் கேட்டதுபோல நானும் முறையாகக் கேட்டேன். "அக்கா, அத்தான்ர வேலையை நான் எடுக்கட்டோ? நீ ஓம் எண்டால்தான் எடுப்பன்."

"அவர் விட்டிட்டுப் போகேல்லை எண்டு அதில தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம். அவர்ற பேரும் திகதியும் அப்பிடியே கிடக்கும்."

அலுமாரியைத் திறந்து பென் டிரைவை எடுத்தாள். முடிச்சை நகத்தால் பிரிக்க ஏலாமல் பல்லால் பிரித்தாள். தங்கூசியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, நீலத் துண்டை மட்டும் என்னிடம் தந்தாள்.

நான் எடுக்கிறேன் என்று அறிவித்தல் போட்டு, அன்றே ஏற்றினேன். மாற்றக் குறிப்பில் இப்போது அத்தானின் பெயர், சுற்றிவளைப்புக்கு முதல்நாள் திகதி, இரட்டைக்கொம்பு திருத்தப்பட்டது என்ற வரி. பழைய பதிவுகளை அங்கே அழிக்க முடியாது. கைவிடப்பட்டது என்றதும் கிடக்கிறது. கிடக்கட்டும், எந்தத் திகதியில் யார் அதை எழுதினார்கள் என்று வாசிக்கிறவர்கள் பார்க்கட்டும். பராமரிப்பாளர்கள் என்ற இடத்தில் அத்தானின் பெயரை முதலாவதாகவும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறேன். அடுத்த கிழமையே ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலாவது முகவரிக்கு அனுப்புகிற கடிதங்கள் திரும்பி வருகின்றன, அந்தப் பெயரை நீக்கிவிடவும்.

நான் நீக்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரின் மென்பொருளைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுத்த மனிதர் அவர். அவரை எங்கள் வீட்டில் கேளாமல் கொண்டுபோனார்கள். பெயரை எடுப்பதென்றால் அன்புவழிபுரத்தில் என் அக்கா இருக்கிறாள், அவளிடம் கேளுங்கள் என்று பதில் எழுதினேன். நீலப் பென் டிரைவ் கயிறில்லாமல் என் மேசையில் கிடக்கிறது. தங்கூசி அவளிடம் இருக்கிறது. வந்து கேட்கட்டும். அவள் தரமாட்டாள்.