ஜெரால்டின் இடது பக்கம்

போன வாரம் டெஸ்ட் மேட்ச் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். எங்கள் ஷிப்பிங் ஆபீஸுக்குப் பக்கத்து டீக்கடை டிவியில், ஆறேழு பேரோடு நின்றுகொண்டு. லஞ்சுக்குள் நம் ஆட்கள் மூன்று கேட்ச் விட்டார்கள். மூன்றும் ஸ்லிப்பில், கீப்பருக்குப் பக்கத்தில். மூன்றாவது… நேராக வயிற்றுக்கு வந்த பந்து!

“இவனுக்கெல்லாம் யாருலே சான்ஸ் குடுத்தது?” என்று கத்தினார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி. ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பக்கத்தில் ஜெரால்டு நின்றுகொண்டிருந்தான்.

அவன் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

ஜெரால்டு யார் என்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தவன். எங்கள் கிரிக்கெட் டீமில் பதினோரு வருடம் ஃபர்ஸ்ட் ஸ்லிப்பில் நின்றவன். நான் கேப்டன். அவன் அங்கே நின்றால் எங்கள் பவுலர்கள் பேட்ஸ்மேனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட கை.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு சீசன். அந்தக் கை கேட்ச்களை விட ஆரம்பித்தது. முதல் மேட்சில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. “தூக்கம் சரியில்லடே” என்றான். ஷிஃப்ட் வேலை… நம்பினேன்.

அப்புறம் ஃபைனல். இரண்டு நாள் மேட்ச். எதிர் டீமின் நல்ல பேட்ஸ்மேன், வந்ததும் வராததுமாக பேட் ஓரத்தில் பட்டு ஒரு எட்ஜ் கொடுத்தான். கீப்பருக்கும் ஜெரால்டுக்கும் நடுவில், கீப்பர் எட்டமுடியாத தூரத்தில், ஜெரால்டின் இடது முழங்கால் உயரத்தில் பந்து போனது. அவன் கை அசையவே இல்லை! விழுந்து புரண்டு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிலை மாதிரி நின்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மைதானத்தின் நடுவில் நின்று, இரண்டு டீமுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். “ஏலே, ஆட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? போ அங்கிட்டு!” பதினோரு வருடம் ஸ்லிப்பில் நின்றவனை பவுண்டரிக்கு விரட்டினேன். அங்கேயும் ஒரு பந்து அவனுக்கு இடது பக்கம் உருண்டு போனது. அது கோட்டைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். தோற்றோம்.

மறுநாள் சாயந்திரம் அவன் மனைவி மெர்சி வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அவுக நேத்துல இருந்து சாப்பிடல. அதச் சொல்ல வரல நான்… வீட்டுல டம்ளர் வச்சா தட்டி விடுதாக. வாசல் நெலையில தோள இடிச்சுக்கிடுதாக. கேட்டா ஒண்ணுமில்லங்குதாக. எனக்குப் பயமா இருக்குண்ணே.”

“எந்தத் தோள் தங்கச்சி?”

“இடதுதான்.”

அந்த சீசனில் அவன் விட்ட கேட்ச்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லாமே இடது பக்கம்.

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் உள்ளே ஒரு பெண், ஒரு மெஷினில் முகத்தைப் பதிக்கச் சொன்னாள். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே வந்தவன் என்னிடம் சொன்னான்: “அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் லைட்டே போடலடே.”

லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டேதான் இருந்தது என்றார் டாக்டர்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலி இல்லாமல், சத்தம் இல்லாமல், ஓரப் பார்வையைத் தின்றுவிடுகிற நோய். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாது. இடது கண்ணில் ஓரம் போய்விட்டது. வலதிலும் ஆரம்பம். போனது வராது, மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“கிரேன் ஓட்டுதேன் சார்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், வல்லநாடு தாண்டியதும் என் கையைப் பிடித்தான். “யார்ட்டயும் சொல்லிராத மாப்ள. ரெண்டு பிள்ளையளும் படிக்கி. நான் கவனமா ஓட்டிக்கிடுவேன்.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் அவனுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். ஐந்தரைக்கே துறைமுக கேட்டுக்குப் போனேன். அவனைத் தடுக்கத்தான்… எப்படி என்று தெரியாமல். எனக்கு முன்பே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.

“ஆபீஸர்ட்ட குடுக்கப் போறேன்” என்றான். “ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். கீழ ஹூக் மாட்டுத பையன் எனக்கு இடது பக்கந்தான்டே நிப்பான்.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். வேலை போகவில்லை. ஸ்டோருக்கு மாற்றினார்கள். இன்று வரை அங்கேதான் இருக்கிறான். அதற்குப் பிறகு அவன் கிரேன் ஏறவில்லை. மைதானத்துக்கும் வரவில்லை.

சரி, டீக்கடைக்கு வருகிறேன். அவன் பின்னாலேயே நானும் வெளியே போனேன். நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

“அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் திட்டிட்டேன்லே. மன்னிச்சுரு.”

அவன் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தான்.

“அதயா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்க? கேப்டன் திட்டாம வேற யாரு திட்டுவா?” துறைமுக ரோட்டில் போகிற லாரிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். “அதுக்கப்புறம் ஒருத்தனாவது, கிரவுண்டுக்கு வாலேன்னு ஒரு போன் போட்டியளா? நாலு வருசம்டே.”

அவனுக்கு வலிக்குமே என்றுதான் கூப்பிடவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். டீம் லிஸ்டில் அவன் பேரை அடித்ததுகூட இரக்கத்தில்தான். 

சனிக்கிழமை போன் செய்தேன். ஞாயிறு காலை, நாங்கள் ஸ்டம்ப் நடுவதற்கு முன்பே வந்துவிட்டான். ஸ்கோர் நோட்டை அவனிடம் கொடுத்தோம். நாற்காலியைத் தூக்கி, மைதானம் முழுவதும் தன் வலது பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

கேட்ச் விட்டவரைத் திட்ட நம் எல்லோருக்கும் தெரிகிறது. அடுத்த மேட்சுக்குக் கூப்பிடத்தான்… அவர் போன் நம்பர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.