நாற்பது அடிச் சாலையும் ஒரு வாய்க்காலும்

1. முதல் நாள்

ஓய்வு பெற்று ஏழு மாதம் கழித்து, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் மாணவனாகப் போய் உட்கார்ந்தேன். அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் நில அளவை வேலை. சர்வேயராகச் சேர்ந்து சங்கிலி பிடித்து, பிறகு டேப் பிடித்து, கடைசியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். புதுச்சேரியில் எந்த மனைக்கு எந்தப் பக்கம் எத்தனை அடி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

வகுப்பு எடுத்தவர் சகாயமேரி. நாற்பது வயதிருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு சேவை மையத்தில் நர்ஸ். வரைபடத் தொழிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புதிய நகர்களில் வீடு தேடி அலைந்து சலித்துப்போய், ஊரே சேர்ந்து இணையத்தில் வரைகிற திறந்த வரைபடம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, தானே வரையக் கற்றுக்கொண்டவர். இப்போது சனிக்கிழமைகளில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

"மழை ஆரம்பிக்கறதுக்குள்ள அரியாங்குப்பம் பக்கம் இருக்கற நகரெல்லாம் முடிச்சிடணும். மழைன்னா கரண்டு போவும். ஆக்சிஜன் மெஷின் நின்னுடும். சிலிண்டர் வண்டி வீட்டத் தேடிட்டு நிக்கக் கூடாது. அதான் வேலை. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் கை தூக்கி, இதற்கு யார் ஒப்புதல் தருகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் தர மாட்டாங்க சார். நீங்க வரைஞ்சா வந்துடும்."

"தப்பா வரைஞ்சா?"

"தப்பா வந்துடும்."

இத்தனை சுருக்கமான நடைமுறை விதியை நான் பணிக்காலத்தில் கேட்டதில்லை. அந்த வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைக்கும் ஹைவே என்றுதான் பொதுப் பெயர். முதலில் ஹைவே என்று போட்டுவிட்டு, அது எந்த வகை ஹைவே என்று பிறகு சொல்ல வேண்டுமாம். எங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். நானே கொடுத்திருப்பேன்.

2. கடலில் நடந்தது

வீட்டுப் பாடம், ஒரு மணி நேரம் நடந்து போனில் தடம் பதிவது. விடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஆரம்பித்து, பழைய பிரெஞ்சுத் தெருக்கள் வழியாகப் பெரிய வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். கணினியில் போட்டுப் பார்த்தபோது, நான் கடலுக்குள் நூறடி போய்விட்டுத் திரும்பியிருந்தேன். ஒரு தெருவில் மூன்று வீடுகளின் சுவரை ஊடுருவி, யாரோ ஒருவருடைய சமையலறை வழியாக வெளியே வந்திருந்தேன்.

"உயரமான செவுத்துக்கு நடுவுல சிக்னல் குதிக்கும் சார். கடலுக்குள்ள போனதுக்கு எனக்கும் காரணம் தெரியல. நீங்க ஆசப்பட்டிருப்பீங்க" என்றார் சகாயமேரி.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கோட்டை அழிக்க மனம் வரவில்லை. காலையில் தண்ணீர் வெளிறிய தகரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு ஆள் செருப்போடு நடந்து போய், யோசித்து, திரும்பி வந்திருக்கிறான். ஆவணம் அப்படிச் சொல்கிறது. நான் ஆவணத்தை நம்பிப் பழகியவன்.

அதன் பிறகு மத்தியான வேளைகள் எல்லாம் செயற்கைக்கோள் படத்தின் மேல் போயின. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஊர் எனக்குக் கீழே மெதுவாக நகரும். தென்னந்தோப்புகள் பாசி பிடித்த குளம் போல இருக்கும். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் பால் கலந்தது போல விரிந்து கிடக்கும். மேலிருந்து பார்க்கும்போது ஊரில் சத்தமே இல்லை. மனுக்கள் இல்லை, எதிர்மனுக்கள் இல்லை. சுவர் என்பதே ஒரு மயிரிழை நிழல்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

3. நான் வரைந்தது, நான் அழித்தது

அரியாங்குப்பத்துப் பக்கம் ஒரு நகரை எனக்கு ஒதுக்கினார்கள். நான் இளம் சர்வேயராக இருந்தபோது அளந்த மனைப்பிரிவு அது. அதன் நடுவே நாற்பது அடிச் சாலை ஒன்று உண்டு. தாளில் உண்டு. இந்தியன் மையில் அதன் இரண்டு கரைகளையும் இழுத்தவன் நான். மை காய்வதற்குள் உள்ளங்கை பட்டு ஓரிடத்தில் லேசாகத் தேய்ந்ததுகூட நினைவிருக்கிறது. அந்தச் சாலையை நான் அதன் பிறகு பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ கோப்புகளில் அதைக் கடந்திருக்கிறேன். மனதில் அதன் இரு பக்கமும் வேப்ப மரம் நட்டு வளர்த்தும் விட்டேன்.

செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் வெளிறிய பட்டை ஒன்று நீளமாகத் தெரிந்தது. சாலை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஒரே இழுப்பில் வரைந்தேன்.

பக்கத்தில் வளைந்து வளைந்து ஒரு சந்து ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. வரைந்தவர் சகாயமேரி. எனக்கு அந்த இடம் தெரியும். அது சர்வே எண்படி வாய்க்கால் புறம்போக்கு. வாய்க்காலின் மேல் சாலை வரைவது நடைமுறைக்கு விரோதம். அழித்தேன். காரணம் எழுதும் கட்டத்தில், "பதிவேட்டின்படி வாய்க்கால். சாலை அல்ல" என்று எழுதிச் சேமித்தேன். பல வருடப் பழக்கத்தில் கை தானாகவே எழுதியது.

சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "சார், அந்தச் சந்துல நான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி வண்டி ஓட்டுறேன்."

புறம்போக்கு நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும் நடைமுறை பற்றி ஒன்றரைப் பக்கம் பதில் அனுப்பினேன்.

"சரி சார். நான் திருப்பிப் போட்டா நீங்க திருப்பி அழிப்பீங்க. அந்தச் சண்ட வேணாம். நீங்களே ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வாங்க" என்று எழுதியிருந்தார்.

போகவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, பதிவேடு என் பக்கம் இருந்தது.

4. ரஹீம் பாய் கடை

என் தெரு முனையில் ரஹீம் பாய் தையல் கடை வைத்திருக்கிறார். பழைய கால்சட்டைகளைத் திருத்தித் தைக்க எடுத்துக்கொண்டு போனேன். அவர் அளவு நோட்டைப் புரட்டினார்.

"நோட்டுல இருக்கற அளவுக்குத் தைக்கவா சார், இப்ப இருக்கற வயித்துக்குத் தைக்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய்."

"அப்பிடின்னு நோட்டு சொல்லுது." டேப்பை என் இடுப்பில் சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நர்ஸம்மா சொன்னாங்க. எங்க சந்த நீங்க எடுத்துட்டீங்களாமே" என்றார்.

அவர் வீடு அந்த நகரில்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் மனைவி நூர்ஜஹானுக்கு நுரையீரல் பழுது. பகலெல்லாம் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். கரண்டு போனால் கைவசம் ஒரே ஒரு சின்ன சிலிண்டர். ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் பெரிய சிலிண்டர் வர வேண்டும். முன்பு வந்துகொண்டிருந்த டிரைவருக்கு வழி தெரியும். புது டிரைவர் மேப்பைப் பார்த்துத்தான் வருவார்.

"அது வாய்க்கால் பாய். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வாய்க்கான்னா தண்ணி போவணும்ல சார்? நான் அங்க குடி வந்து இருவது வருசமாவுது. ஒரு நாளும் தண்ணியப் பாத்ததில்ல. என் சம்சாரத்தப் பாக்க வர்ற வண்டியத்தான் பாத்திருக்கேன்."

"கவலைப்படாதீங்க. உங்க வீட்டுப் பின்னாடியே நாப்பது அடி ரோடு இருக்கு. நானே போட்டிருக்கேன். வண்டி நேரா வந்துடும்."

ரஹீம் பாய் டேப்பை உருவிக்கொண்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எங்க வூட்டுப் பின்னாடியா?" என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் செய்யாத பரம்பரைத் தொழில்காரர். நோட்டில் புது அளவைக் குறித்துக்கொண்டார்.

5. மழை

ஐப்பசியில் ஒரு காலை, விடியும்போதே கரண்டு போயிருந்தது. மழை தெருவையும் வானத்தையும் ஒரே நிறமாக்கியிருந்தது. பத்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சார், சிலிண்டர் வண்டி டிரைவர் முருகையன் பேசுறேன். மேப்புல எதுனா தகராறுன்னா உங்களுக்குப் போடச் சொல்லி நர்ஸம்மா நம்பர் குடுத்திருந்தாங்க. நீங்க போட்ட ரோட்டுலதான் நிக்கறேன்."

"நல்ல ரோடாச்சே. என்ன தகராறு?"

"ரோடு நல்லாத்தான் சார் இருக்குது, போன்ல. இங்க முள்ளுச் செடியும் சேறுமா இருக்கு. முன்னாடி ஆள் ஒசரத்துக்கு மேல செவுரு. மேல கண்ணாடி பதிச்சிருக்கான். பாய் வூடு செவுத்துக்கு அந்தாண்ட தெரியுது. வண்டி வேணும்னு கூப்ட்ட பாய் போன் இப்ப சுவிட்ச் ஆஃப். நர்ஸம்மா கதிர்காமம் ஆஸ்பத்திரி வார்டுல இருக்காங்க, எடுக்க மாட்டேங்கறாங்க. இப்ப எப்பிடிப் போறது?"

அந்த வெளிறிய பட்டை சாலை அல்ல. சாலைக்காக விட்டு, யாரும் போடாமல், பிறகு யாரோ வளைத்துச் சுவர் எழுப்பிய வெறும் நிலம். மயிரிழை நிழலை நான் பார்த்திருந்தேன். மின்கம்பி என்று நினைத்திருந்தேன்.

அந்த நகரில் கரண்டு எப்போது போயிற்று என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். ஒரு மணி நேர சிலிண்டர் எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மடிக்கணினியில் சார்ஜ் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த வரைபடத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் மறக்காது. யார் எதை வரைந்தார், யார் எப்போது என்ன காரணம் சொல்லி அழித்தார் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். திறந்தேன். சகாயமேரியின் வளைந்த கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேல் என் பெயரும் என் வாக்கியமும் இருந்தன. "பதிவேட்டின்படி வாய்க்கால். சாலை அல்ல."

"முருகையன், லொகேஷன் அனுப்புங்க. வண்டியத் திருப்புங்க. மெயின் ரோட்டுக்கு வந்து ட்ரான்ஸ்பார்மர் தாண்டி எடது பக்கம் ஒரு சந்து இருக்கும்."

"மேப்புல இல்லியே சார்."

"மேப்ப விடுங்க."

அவருடைய நீலப் புள்ளி திரையில் நகர்ந்தது. ட்ரான்ஸ்பார்மரைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பி, வரைபடத்தில் ஒன்றுமே இல்லாத வெண்மைக்குள் நுழைந்தது. நான் இன்னொரு சன்னலில் இருந்த பழைய கோட்டைப் பார்த்துப் படித்தேன். இப்போது வலது. ஒரு தண்ணித் தொட்டி வரும். அதை ஒட்டி இடது. புள்ளி தொட்டியை ஒட்டித் திரும்பியது. வெளியே மழைச் சத்தம் மட்டும்தான். கடலின் மேல் யாரோ செருப்போடு நடந்து போவது போல, இல்லாத பாதையில் அந்தப் புள்ளி போய்க்கொண்டிருந்தது. மழை பெய்கிற ஊரின் மேல், மிக உயரத்திலிருந்து, என் கோட்டுக்கும் சகாயமேரியின் கோட்டுக்கும் நடுவே நான் தொங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் புள்ளி நின்றது. மறுபடி நகர்ந்தது. ஆடு குறுக்கே வந்ததாம். பிறகு ஓர் இடத்தில் நின்று, நகரவே இல்லை.

போனில் ஆள் நடமாட்டம், கதவு, இரும்பு உரசும் சத்தம். மடிக்கணினி அணைந்துபோனது.

"மாத்தியாச்சு சார்" என்றார் முருகையன். "சின்ன சிலிண்டர்ல அளவு காட்டற முள்ளு அடியில கெடந்துச்சு. அம்மா மூச்சு வுடறாங்க."

6. நேரில் பார்வையிட்டது

மறுநாள் மழை விட்டதும் பேருந்து பிடித்துப் போனேன். ட்ரான்ஸ்பார்மரிலிருந்து நடந்தேன். சந்தில் சேறு இருந்தது, சக்கரத் தடம் இருந்தது, இரண்டு பக்கமும் வீட்டு வாசல்கள் இருந்தன. ஒரு சொட்டு வாய்க்கால் இல்லை.

நூர்ஜஹான் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"நீங்கதான் மேப்பு சாரா? உங்க ரோடு நல்லாருக்குன்னு டிரைவர் சொன்னாரு. செவுருதான் கொஞ்சம் குறுக்க நிக்குதாம்."

ரஹீம் பாய், "சாரு வந்திருக்காரு, சும்மா இரு" என்றார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். டீ குடித்துவிட்டு, "கால்சட்டைய இப்ப இருக்கற அளவுக்கே தைச்சிடுங்க பாய்" என்றேன்.

"அப்பிடித்தான் தைச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சகாயமேரி பக்கத்தில் நின்றிருக்க, முதலில் நாற்பது அடிச் சாலையை எடுத்தேன். அதைத் தொட்டதும் அது ஒளிர்ந்தது. வேப்ப மரங்கள் நினைவுக்கு வந்தன. புள்ளிக்கோடாகவாவது வைக்க முடியாதா என்று கேட்டேன்.

"வேலை நடக்கற ரோட்டுக்குன்னு மேப்புல ஒரு அடையாளம் இருக்கு. போடப் போற ரோட்டுக்கும் இருக்கு. கனவுல வர்ற ரோட்டுக்குக் கெடயாது சார்" என்றார். அழித்தேன். பிறகு சந்தைத் திரும்ப வரைந்தேன், தண்ணித் தொட்டியோடு.

பதிவேட்டில் அது இன்னும் வாய்க்கால்தான். அதை மாற்றும் நடைமுறை எனக்குத் தெரியும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பதும் தெரியும். மனுவை எழுதி ரஹீம் பாயிடம் கொடுத்திருக்கிறேன். வரைபடம் வரைய வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். பதிவேடு ஒரு நாள் உண்மையாக இருந்தது. அந்த நாள் எது என்று கேட்டுக்கொண்டு, பிறகு கிளம்பிப் போய்ப் பாருங்கள்.

சேமிப்பதற்கு முன் ஒரு கட்டம் வந்தது. இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று அது கேட்டது. "ஸ்தலத்தை நேரில் பார்வையிட்டேன்" என்று எழுதினேன். பதவி உயர்வுக்குப் பிறகு, நாற்காலியை விட்டு எழாமல், அந்த வாக்கியத்தை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அன்று அதை எழுதியபோது என் செருப்பில் காய்ந்த சேறு இருந்தது.