கேத்தியின் வணக்கம்

எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுக்க வந்த மனிதரை, வேலை முடிந்து கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக்காரி கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். அவர் கையெல்லாம் சேறு. அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் ஆகியும் இந்த ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. சந்தோஷமா, கட்டிப்பிடி. துக்கமா, கட்டிப்பிடி. எங்கள் ஊர் ஆலந்தலையில் என் வீட்டுக்காரர் கிளாட்வினைப் பிறர் முன்னால் நான் தொட்டதே கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் கப்பலுக்குப் போனார். தூத்துக்குடி ஸ்டேஷனில் மாமியார் அவர் நெற்றியில் சிலுவை போட்டார். மைனி, அவருடைய அக்கா, தோளில் சாய்ந்து அழுதார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கும்போது விரல் பட்டது. "வாரேன்ளா" என்றார். அந்த விரல் பட்டது ஒன்பது மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

போன வருஷம் வேலைக்குப் போகிற வழியில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் விசா முடிந்து பல காலம் ஆகியிருந்தது. வைத்திருந்த இடம் சர்க்கார் ஜெயில் இல்லை. எங்களைப் போன்றவர்களை நாடு கடத்தும்வரை அடைத்துவைக்க ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து நடத்துகிற இடம். காவலாளி சட்டையிலும் கம்பெனி முத்திரை, சாப்பாட்டுத் தட்டிலும் கம்பெனி முத்திரை. "இவனும் கம்பெனிக்காரன்தாம்ளா" என்று போனில் சிரித்தார். "கப்பல்ல ஏறும்போதே சைன் ஆஃப் ஆகி எறங்குதது எப்பன்னு சொல்லிருவான். இவன் சொல்ல மாட்டக்கான்." கட்டில் காலியாகக் கிடந்தால் கம்பெனிக்கு நஷ்டம், எப்படிச் சொல்வான்? நான் போய்ப் பார்க்கவும் வழியில்லை. வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். என்னையும் உள்ளே வைத்துவிட்டால் இங்கே பிறந்த எட்டு வயது மகள் தனியாக நிற்பாள்.

அதனால், அங்கே அடைபட்டவர்களைப் போய்ப் பார்த்துவருகிற ஒரு சர்ச் குழுவிலிருந்து கேத்தி போனாள். என் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை அவரைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வருவாள். மெலிந்திருக்கிறார், காதோரம் நரைத்திருக்கிறது, சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறது என்பாள். என் புருஷன் கன்னத்தில் குழி விழுவதை எவளோ ஒருத்தி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! காபி போட்டுக் கொடுத்துவிட்டு வயிறெரியக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவரை தடுப்புக் கண்ணாடிக்கு ஆளுக்கொரு பக்கமிருந்துதான் பேசினார்களாம். ஒரு சனிக்கிழமை மேஜை போட்ட அறையில் உட்காரவைத்தார்களாம். வந்ததும் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை கட்டிப்பிடிக்க அனுமதி உண்டாம். "உனக்காக அவரைக் கட்டிப்பிடித்தேன்" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து. நான் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் போனில் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"அவ கட்டிப்பிடிச்சாளாமே?"

"போளா கோட்டிக்காரி, அதுக்கென்ன இப்ப?" என்றார். "நாலு மாசமா இங்கன என்னைத் தொடுதவன் சோதனை போடுதவன் மட்டுந்தாம்ளா. அதும் கையுறை மாட்டிக்கிட்டு. அவ மேல லேசா எலுமிச்சை சோப்பு வாசம். வெளிய மனுசங்க இருக்காங்கன்னு தோணிச்சு."

இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நேரம் முடிந்து லைன் போய்விட்டது. அவர் சொன்னதில் கையுறை என் காதில் ஏறவே இல்லை. சோப்பு மட்டும்தான் ஏறியது. அடுத்த சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகுமுன் கேத்தியைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் பிற ஆண்பிள்ளையைத் தொடக்கூடாது, அவர் ரொம்பக் கூச்சப்படுகிறார் என்று. கூச்சப்பட்டார் என்பது பச்சைப் பொய். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம். கேத்தி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். வேறு எப்படி மரியாதை செய்வது என்று கேட்டாள். கைகூப்பக் கற்றுக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு சனிக்கிழமை கேத்தி அவர் முன்னால் கைகூப்பி உட்கார்ந்து, கைகூப்பி எழுந்து வந்தாள். எட்டாவது சனிக்கிழமை அவர் அங்கே இல்லை. முந்தின நாளே கையிலும் காலிலும் விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது ஆலந்தலையில் இருக்கிறார். அவரால் இனி இங்கே வர முடியாது. நான் அங்கே போனால் திரும்ப முடியாது, மகளுக்கோ இதுதான் ஊர். வீடியோவில் மைனி அவர் தலையைக் கோதிக்கொண்டே என்னிடம் பேசுகிறார். மீன் ஏலத்துக்குத் தூத்துக்குடி திரேஸ்புரம் போய் நின்றால் எவனாவது அவர் தோளில் கைபோட்டபடி போனுக்குள் எட்டிப் பார்க்கிறான். ஊரில் எல்லார் கையும் அவர் மேல் இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது. போன வாரம் அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த கேத்திக்கு என்ன கோவமோ தெரியலளா. அந்த ஒரு தடவைக்குப் பொறவு தள்ளியே நின்னா. மேலுல நாத்தம் அடிக்கோன்னு நெனச்சி, சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு தடவை குளிச்சேன்."

நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று கேத்தி வந்தாள். அவர் விட்டுப்போன சட்டையைக் கம்பெனி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தது. பையைப் படியில் வைத்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே இரண்டடி தள்ளி நின்று கைகூப்பினாள். நான் படியிறங்கிப் போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். "இது பரவாயில்லையா?" என்று என் காதருகே கேட்டாள். அவள் தோளில் எலுமிச்சை சோப்பு வாசம் லேசாக அடித்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.