அத்தான் மாற்றி வைத்த சனிக்கிழமை

பரீட்சை மண்டபத்தின் வாசலில் பச்சைத் துணி போர்த்திய ஒரு பலகை நின்றது. அதில் தட்டச்சு செய்த இரண்டு தாள்களைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். சட்டப் படிப்புக்கு இடம் கேட்டு அன்றைக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியவர்களின் பெயர்கள். எனக்கு முன்னால் வர வேண்டியவன் இருந்தான், எனக்குப் பின்னால் வர வேண்டியவனும் இருந்தான், நடுவில் நான் இல்லை. விரலை வைத்து மேலிருந்து கீழே மூன்று தடவை தேடினேன். புதுச் சட்டை, இரவல் டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் அத்தான் பூசிவிட்ட திருநீறு என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்து, மேசையில் இருந்த அலுவலர் இரங்கியிருக்க வேண்டும். ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். உங்கள் பாதுகாவலர் எழுதிக் கேட்டதன்பேரில் உங்களை இரண்டாம் தேர்வுக்கு மாற்றிவிட்டோம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், பதில் கடிதமும் அனுப்பினோமே என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கோப்பை என் பக்கம் திருப்பினார். சமயக் காரணம் என்று இருந்தது. கீழே அத்தானின் கையெழுத்து. அவருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மூன்று நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை, அதன் மாடியில் எங்கள் வீடு. எனக்கு இருபத்தொரு வயது ஆகாததால் விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. படிவத்தை அவர் முன்னால் நீட்டி, இங்கே போடுங்கள் என்று விரல் வைத்துக் காட்டியவனே நான்தான். பரீட்சைத் தேதியை மாற்றும் அதிகாரம் அந்தக் கையெழுத்துக்கு இருக்கிறது என்பது சட்டம் படிக்கப் போகிற எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தேர்வுக்காக நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தேதி குறித்த கடிதம் வந்த அன்றே கடைக்கு வந்த தலைகளுக்கெல்லாம் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாடி புழுக்கமாக இருக்கிறது, கீழே மின்விசிறி இருக்கிறது, மூன்றாவது நாற்காலி சும்மாதானே கிடக்கிறது, அங்கே உட்கார்ந்து படி என்று அத்தான் உத்தரவு போட்டார். அதோடு விட்டாரா? வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுவும் தமிழில் சொல்ல வேண்டும், வந்தவர்களும் கேட்கட்டும் என்றார். பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வினா விடைப் புத்தகத்தில் ஒரு கேள்வி. ஒருவன் தன் சைக்கிளை நண்பனுக்கு இரவல் தருகிறான், நண்பன் அதைப் பூட்டாமல் நிறுத்துகிறான், சைக்கிள் திருட்டுப் போகிறது, நட்டத்துக்கு யார் பொறுப்பு? அதைப் படித்துக் காட்டிய பாவத்துக்கு என் காலை நேரம் முழுவதும் போயிற்று. சனிக்கிழமை தவறாமல் ஷேவ் செய்துகொள்ள வரும் ஓர் அண்ணன், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நுரை பூசிய முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"எங்க நிறுத்துனான்?"

"அதெல்லாம் கேள்வியில இல்லண்ணே."

"இல்லாம எப்படித் தீர்ப்புச் சொல்றது? தேக்கா மார்க்கெட் முன்னாலன்னா பூட்டுனாலும் போயிடும்லா. இரவல் குடுத்தவனுக்கு அறிவு வேணாம்?"

"அவன் கூட்டாளியாச்சே அண்ணே," என்றார் அத்தான். "வந்து கேட்டா எப்படி இல்லேன்னு சொல்றது?"

புத்தகத்தில் இருக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அண்ணன் நான்கையும் கேட்டார். ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தார். "நாலுலயும் நியாயம் இல்ல. நீ அஞ்சாவதா ஒன்னு எழுதிட்டு வா," என்றார். அத்தான் ரொம்பவும் திருப்தியாகத் தலையாட்டினார். இப்படிப் பல நாள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்சி, ஒரு மேல்முறையீடு. கடைசியில், இந்தக் கூச்சலில் எனக்குப் படிக்க வராது, சாயங்காலங்களில் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு கிளம்ப ஆரம்பித்தேன். அத்தான் மறுக்கவில்லை. நான் வாசல் இறங்கும்போது, "நல்லாப் படி தம்பி," என்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். விடியும்போதே அக்கா இட்லி ஊற்றி வைத்திருந்தாள். அத்தான் திருநீறு பூசினார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பேருந்து கிளம்பும்போது எதையோ சொல்ல வாயெடுத்து, கையை மட்டும் ஆட்டினார். எல்லாம் தெரிந்துகொண்டு, பதில் கடிதத்தைத் துண்டுகள் அடுக்கும் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, என்னை அவ்வளவு தூரம் அனுப்பிவைத்திருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் காது சூடாக இருந்தது. தேறாவிட்டால் அந்த வருடத்துக்குச் சட்டப் படிப்பு இல்லை. கிரேன் அண்ணன் துறைமுக ஆபீஸில் எனக்கென்று ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார், அதில் போய் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் முழு வாழ்க்கையும் நம்பியிருந்த தேதியை ஒரு மனிதர் சந்தையில் காய் மாற்றுவதுபோல மாற்றியிருக்கிறார்.

கடையில் கிரேன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பாதி முகம் வழித்தாகிவிட்டது. தேதியை ஏன் மாற்றினீர்கள் என்று வாசலிலேயே கேட்டேன்.

"அன்னைக்குன்னா... அதாவது இன்னைக்கு உனக்குச் சந்திராஷ்டமம் தம்பி," என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல். "நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது."

"அதுவா சமயக் காரணம்?"

"கடைகளுக்கு முன்னால அஞ்சடி நடையில உக்காந்து மனு எழுதுறாரே பெரியவரு, அவருதான் அப்படிப் போட்டாரு. சந்திராஷ்டமத்துக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "முடி வெட்டுறவரு முடியோட நிறுத்திக்கணும். தலைக்குள்ள இருக்கறதுல கை வைக்க நீங்க யாரு?" என்று கேட்டேன். காத்திருந்த நான்கைந்து பேரும் கேட்டார்கள். கடைச் சுவரில் தொங்கும் தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்து மனிதர்கள் வாழ்க்கையை நடத்துவதைப் பற்றி இன்னும் என்னென்னவோ சொன்னேன், பாதி ஆங்கிலத்தில். அத்தான் கத்தியைத் துண்டில் துடைத்தார். "அண்ணே, தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார். கிரேன் அண்ணன் திரும்பினார். நான் படியைத் தடதடவென்று மிதித்து மாடிக்குப் போனேன்.

மாடியில் அக்கா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒன்னு கேக்கட்டா? இன்னைக்கு உன்னை உள்ள விட்டிருந்தா எழுதியிருப்பியா?" என்றாள். எழுதியிருப்பேன் என்று கத்தினேன். அவள் ரசம் ஊற்றினாள்.

இனி உண்மையைச் சொல்லிவிடலாம். நான் படிக்கவில்லை. நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிய சாயங்காலங்களில் ஃபேரர் பார்க்கில் கூட்டாளிகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தேன். புத்தகம் சட்டைகளோடு சேர்ந்து புல்லில் கிடக்கும். கல்லூரியில் எல்லாப் பாடத்திலும் முதல் ஆளாக வந்தவனுக்கு இது ஒரு தேர்வா என்ற திமிர். முந்தின நாள்தான் புத்தகத்தைச் சரியாகத் திறந்தேன், பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவையாக இருந்தன. பலகையில் என் பெயர் இல்லை என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. மூச்சு வந்தது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள முடியாது என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் வெறியோடு படித்தேன். தேறினால் அது என்னால், நட்சத்திரத்தால் இல்லை என்று அந்த மனிதருக்குக் காட்டிவிட வேண்டும். கடைக்குள் போகவே இல்லை. புழுக்கமான மாடியில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தேன். கீழே கூச்சலும் அடங்கியிருந்தது. ரேடியோவைக்கூட வைக்கவில்லை. என் மேல் வருத்தம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சனிக்கிழமை போனேன், பெயர் இருந்தது, எழுதினேன். இடம் கிடைத்தது.

கடிதத்தோடு கடைக்குள் நுழைந்ததும் அத்தான் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியா, நாளு." எனக்கு எரிந்தது. அன்று தொடங்கிய வழக்கு ஏழு வருடம் நடந்தது. நான் சட்டம் படித்தேன், பட்டம் வாங்கினேன், கறுப்புக் கோட்டு மாட்டினேன், நீதிமன்றத்தில் ஏறி நின்றேன். வீட்டுக்கு வந்தால் அத்தான் யாரோ ஒரு புது வாடிக்கையாளருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். சந்திராஷ்டமத்தில் போயிருந்தால் இன்றைக்குத் துறைமுகத்தில் ரசீது எழுதிக்கொண்டிருப்பான் என்பார்.

"அன்னைக்கு எழுதியிருந்தாலும் தேறியிருப்பேன் அத்தான்."

"அதுதான் எழுதலியே."

இதற்கு என்ன பதில் சொல்வது? அறிவியல் சொல்லிப் பார்த்தேன். அதே நட்சத்திரத்தில் பிறந்த எத்தனையோ பேர் அன்றைக்கு எழுதித் தேறியிருப்பார்கள் என்றேன். "அவங்களைக் கூட்டிட்டு வா, பேசுவோம்," என்றார். நீதிபதிகள் முன்னால்கூட நான் இப்படித் தோற்றதில்லை. கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறுவேன்.

போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அத்தான் நானே வழித்துவிடுகிறேன் என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நுரை பூசி, கழுத்தில் துண்டு சுற்றினார். நாற்காலிகள் இப்போது புதியவை, சாய்மானம் பின்னால் நன்றாக இறங்கும். வேறு யாரும் இல்லை. அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பொண்ணு வீட்டுல உன் நட்சத்திரம் கேட்டு ஆள் வந்திருக்கு. என்னன்னு சொல்ல?"

"அதான் அத்தானுக்குத் தெரியுமே," என்றேன்.

அத்தான் கன்னத்தில் கத்தியை இழுத்தார்.

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. "நீ பொறந்தப்ப ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கிட்டு இருந்தான். நாங்கெல்லாம் குழிக்குள்ள கெடந்தோம். கிழமையே யாருக்கும் ஞாபகம் இல்ல. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அப்பாவா ஒரு தேதி சொன்னாரு. உனக்கு ஏது ஜாதகம்?"

கண்ணாடியில் அத்தானைப் பார்த்தேன். அவர் என் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்குச் சந்திராஷ்டமம்னு..."

"கிரேன் அண்ணன் ஃபேரர் பார்க் வழியாத்தான் சைக்கிள்ல வருவாரு," என்றார் அத்தான். "நாலு சாயங்காலம் பாத்திருக்காரு. நீ கோல்ல நின்னியாம். வர்ற பந்தையெல்லாம் விட்டுக்கிட்டு நின்னியாம்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா படிச்சாச்சுன்னு சொல்லியிருப்பே. சொன்னதுக்காகவே போய் எழுதுவே. எழுதி ஃபெயிலாகி வருவே. உன்னை எனக்குத் தெரியாதா? மொதல்லயே சொல்லியிருந்தா ஆபீசுக்கு ஓடிப் போய்த் தேதியத் திருப்பி மாத்தியிருப்பே. இதுன்னா என்னைத் திட்டிட்டு உக்காந்து படிப்பே. படிச்சியா இல்லியா?"

அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குடைந்து எடுப்பதில் எனக்கு இந்த ஊரில் கொஞ்சம் பெயர் உண்டு. ஏழு வருடத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை: என் நட்சத்திரம் என்ன? சோதிடம் பொய் என்று நான் மூச்சுப் பிடித்து வாதாடியதெல்லாம், அதை நம்பவே செய்யாத ஒரு மனிதரிடம்.

"பொண்ணோட நட்சத்திரம் என்னன்னு மொதல்ல கேட்டு வாங்கு," என்றார் அத்தான் அக்காவிடம். "அதுக்குப் பொருந்துற மாதிரி இவனுக்கு ஒன்னு சொல்லிடுவோம்லா."

"அத்தான், நான் வக்கீல்."

"அதனாலதான் சொல்றேன். உனக்குப் பழக்கம்தானே."

அக்கா படியேறிப் போனாள். அத்தான் என் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்துக்கு நுரை பூசினார். கண்ணாடி மறைந்துவிட்டது, கூரைதான் தெரிந்தது. அன்றைக்குக் காத்திருந்த நான்கைந்து பேர் முன்னால் நான் கேட்ட கேள்வியை, முடியைப் பற்றியும் தலையைப் பற்றியும் கேட்டதை, இந்த ஏழு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பேச்சில் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. இப்போது எடுத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அத்தான், அன்னைக்கு நான்..."

"அசையாதே தம்பி," என்றார். "கத்தி இருக்கு."