ஆட்டுக்கு எட்டாத உயரம்

பாளையம்பட்டியில் என் இரும்புக்கடைக்கு ஒருவர் பழைய வேனில் வந்தார். சட்டையெல்லாம் காய்ந்த பசை. மடக்கு ஏணிகளை ஒவ்வொன்றாக வேனுக்குள் படுக்க வைத்துப் பார்த்தார். அவர் படுக்கையும் அதற்குள்தான் இருந்தது.

"ஏணி எதுக்குண்ணே?" என்றேன்.

காணாமல்போன மகளின் போஸ்டரை நீட்டினார். "ஊர் ஊராப் போயி ஒட்டுறேன் தம்பி. கீழ ஒட்டுனா பசைக்காக ஆடு தின்னுருது. விடிஞ்சு பாத்தா புள்ள மொகத்துல பாதி இல்ல."

எடை குறைந்த அலுமினிய ஏணியைத் தேர்ந்தெடுத்தார். உறுதி பார்க்க ஏறியவர், அப்படியே என் கடைச் சுவரில் ஒன்றை ஒட்டிவிட்டு நரிக்குடிப் பக்கம் போனார்.

போஸ்டரில் அவர் நம்பர் இருக்கிறது. விசாரிக்கலாமென்று பலமுறை போனை எடுத்திருக்கிறேன். மணி அடித்தால் மகள்தான் என்று பதறி எடுப்பாரே என நினைத்து வைத்துவிடுகிறேன்.