அப்பாவின் பை

ஒரு மழை நாளில் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. வயிறு வீங்கி, உட்காரவும் முடியாமல், தோட்டத்து லொறியில் முட்டி போட்டபடியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நர்ஸ் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகினார். பை நிறைய நிறைய அப்பாவின் முகம் தெளிந்தது.

“இந்தக் குழாயக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்” என்று வாழ்த்தினார்.

குழாயோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கவேண்டும், தூக்கினால் சிறுநீர் உள்ளே திரும்பிவிடும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். சீக்கிரமே வாழ்த்து வசவானது. புரண்டு படுத்தால் குழாய் இழுத்தது; நடந்தால் தடுக்கியது. மாற்றிய பழைய பையை எங்கே போடுவது என்பது இன்னொரு தலைவலி. அப்பா அதை அடுப்பில் போடப் போனார்.

“பிளாஸ்டிக்க எரிச்சா லயத்துல வரிசையா இருக்கிற அத்தன வீடும் இருமும். கிளினிக்குக்கே கொண்டு போய்க் குடுங்க” என்று அம்மா தடுத்தார்.

கிளினிக் நாளன்று, இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு அடியிலிருந்து வந்த குழாய் அப்பாவின் கையிலிருந்த பூப்போட்ட துணிப் பைக்குள் மறைந்தது. பார்ப்பவர்களுக்கு அவர் காய்கறி வாங்கப் போகிறவர். வட்டவளையில் அப்பாவும் நானும் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பக்கத்து லயத்து அக்கா உட்கார்ந்திருந்தார்.

“பைய குடுங்க மாமா, மடியில வச்சிக்கிறேன்.”

“வேணாம்மா.”

“அட, குடுங்கன்னா!”

அவர் பையைப் பிடித்து இழுத்தார். பையோடு அப்பாவும் போனார்.

“தூக்காத தாயி! நானும் சேந்து வந்துருவேன்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா பையைத் தடவினார். “சூடா இருக்கே, தேத்தண்ணியா மாமா?”

நான் குனிந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பையை மெதுவாக இறக்கிவிட்டு, சட்டென்று எழுந்தார்.

“தள்ளுங்க, தள்ளுங்க! மாமாவுக்கு மூத்திரப் பை மாட்டியிருக்காங்க, உக்காரட்டும்!”

ஹட்டன் வரும்வரை அப்பா ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

கிளினிக்கில் குழாயைக் கழற்றி, பழைய பையோடு சேர்த்து மஞ்சள் உறையில் போட்டார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகப் போகிறதா பாருங்கள் என்றார் டாக்டர். அப்பா குடித்தார், நடந்தார், மறுபடி குடித்தார். கடைசியில் கழிவறைக்குள் போனவரைக் காணவில்லை. நான் கதவைத் தட்டலாமா என்று நினைக்கும்போதே உள்ளிருந்து சத்தம் கேட்டது.

“வந்துருச்சுடி மகளே!”

வரிசையில் காத்திருந்த ஆண்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.